இடுக்கில் ஓடும் நீர்

முதலில் குந்தி உட்காரச் சொன்னார் டாக்டர் சன்னேவா.
ஸ்டெதாஸ்கோப் மார்போரம் அசையாமல் இருந்தது.
எழுந்திருங்கள், என்றார்.
எழுந்தேன்.
காற்று திரும்பியதை முதலில் உணர்ந்த
மாலுமியின் முகம் அவருக்கு.
குந்தியபோது கிசுகிசுத்தது
நின்றதும் இரைகிறதாம்.

இருட்டறை. ஜெல்லின் குளிர்.
திரையில் சாம்பல் நிறத்தில் என் இதயம்.
இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர்
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
பாதி போதுமாம்.

தோர்ஸ்ஹவ்னில் ஜூலை மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

பருத்த சுவர் ரத்தத்தின் வாசலில் துருத்துகிறது,
இடுக்கில் பாயும் வேகம்
வால்வின் இதழையும் இழுத்துப்போய்ச்
சுவரில் ஒட்டுகிறது,
என்றபடி காகிதம் எடுத்தார்.
வரைய வேண்டாம் என்றேன்.
பதினாறு வருடமாக ஃபெர்ரி ஓட்டுகிறேன்.
இரண்டு தீவுகள் நெருங்கும் இடத்தில்
கடல் என்ன செய்யும் என்று தெரியும்.
அகலத்தில் சோம்பிக் கிடந்த அதே தண்ணீர்
அங்கே வெறிகொள்ளும்,
ஓரமாய்ப் போகும் தோணியைப்
பாறைப் பக்கம் உறிஞ்சும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், என்றார்.
உள்ளே நீர் வற்றினால் இடுக்கு இன்னும் இடுக்காகும்.
ஓடிப்போய் எதையும் பிடிக்காதீர்கள்.
மாத்திரை, இதயத்தை அவசரப்படாதே என்று சொல்ல.

ஹார்ட்விக்கிடம் யாரும் சொல்லவில்லை.
ஆறு பேர் படகில் மூன்றாவது துடுப்பு.
எல்லைக்கோட்டைத் தாண்டி,
துடுப்பை மடியில் போட்டு,
சிரிக்கத் தொடங்கியவன்
முடிக்கவில்லை.
இருபத்தாறு வயது.
நெஞ்சுரம் மிக்கவன் என்று இரங்கல் பேசினார்கள்.
அந்தச் சொல்லை அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை.
உரம் ஏறிய நெஞ்சுதான் அண்ணா,
ஏறக்கூடாத இடத்தில்.

பதினெட்டு வருடமாக அப்பா
அந்தத் துடுப்பைத் திட்டுகிறார்.
கனம் அதிகமாம். வாங்கித் தந்தவர் அவர்.
ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கூப்பிட்டேன்:
துடுப்பு இல்லை அப்பா, சுவர்.
நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு, கெட்டில் கொதிக்கிறது, என்று வைத்துவிட்டார்.

பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி.
எய்லிஃபுக்குப் பத்து வயது.
வியாழன் ஒன்பதே காலுக்கு அவன் முறை.
அடுக்களையில் ஒத்திகை பார்க்கிறான்,
குந்துகிறான், எழுகிறான்,
கையை நெஞ்சில் வைத்து மூச்சை நிறுத்துகிறான்.
ஒன்றும் கேட்கவில்லை அம்மா,
ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
அவன் பக்கத்தில் குந்தினேன்.