நானூற்று ஏழு

புவெர்தோ நத்தாலெஸ், படகுத்துறை அலுவலகம்.
இரவு இரண்டே காலிலிருந்து ஒரே பதில்:
நானூற்று ஏழு.
முதலில் நீ யாரென்று சொல்.

சொன்னேன்.
பெயர் சொன்னேன், கடவுச்சொல் சொன்னேன்.
சாந்தியாகோ தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸி
பொறுமையாய்க் கேட்டுக்கொண்டது.
நானூற்று ஏழு.

இந்த ஸ்கிரிப்டை எழுதிய ஓவிதியோ
மார்ச்சில் வடக்கே சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.
எனக்குத் தெரிந்தது டிக்கெட் கிழிக்க,
அப்புறம் இதை ஓட்ட:
பத்து நிமிடத்துக்கொரு தடவை வெளியே போய்
காற்றின் வேகத்தைக் கேட்டுவரும் எழுபது வரிகள்.

ஜன்னல் தகரம் அடித்துக்கொள்கிறது.
வெளியே காற்றுக்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது.
ஆனால் விதிப்படி
ஜன்னல் சொல்வது கணக்கில் வராது.

மூன்று மணிக்கு பாரீயா கதவைத் தட்டினார்,
லாரி நிறைய ஆடுகளோடு.
கிளம்புமா, கிளம்பாதா?
தெரியலை என்றேன்.
கேட்டுச் சொல்லத்தானே சம்பளம் என்றார்.
கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பிரௌசர் பெட்டியில் தட்டினால்
அதே பெயர், அதே சொல், உடனே திறக்கிறது.
ஸ்கிரிப்டில்தான் இல்லை.
கணினியை அணைத்து எழுப்பினேன்.
கடிகாரத்தைச் சந்தேகித்தேன். ஓவிதியோவையும்.

கடைசியில், அனுப்புகிற கடிதத்தையே பிரித்தேன்.
பேஸிக் என்ற சொல்லுக்குப் பின்னால்
சிக்கலாய் ஒரு வரி எழுத்து.
அவிழ்த்தால்
நத்தாலெஸ், ஒரு முக்காற்புள்ளி,
வியெந்தோ@

@?
நான் எழுதியது வியெந்தோ%40.
காற்று, நாற்பது. ஓவிதியோவின் நகைச்சுவை.

முகவரிக்குள் % வந்தால்
அடுத்த இரண்டும் தாமாய் நிற்பதில்லையாம்,
வேறொன்றுக்காக நிற்குமாம்.
நான் சொன்னதை வழியிலேயே
மரியாதையாய்ப் பொருள் பிரித்து
அனுப்பியிருக்கிறது என் ஸ்கிரிப்ட்.

'பரவாயில்லை' என்று நான் சொன்னதை
'போகலாம்' என்று வாசித்துவிட்டு
பெட்டியோடு இறங்கிப் போனவன் ஒருவன் உண்டு.
அது வேறு கதை.

% குறிக்கே ஒரு மாறுவேடம் போட்டேன்:
%25. அதற்குப் பின்னால் அந்த நாற்பது.
மணி ஐந்து பத்து.
இருநூறு.

வந்தது காற்று,
சத்தமில்லாமல், ஓர் எண்ணாய்:
நாற்பத்து மூன்று நாட்.
முப்பத்தைந்துக்கு மேல் போனால் கயிறு அவிழ்க்கக் கூடாது.

பலகையில் எழுதினேன், இன்று படகு இல்லை.
பாரீயா படித்தார்.
திரும்பி ஆடுகளைப் பார்த்தார்.
இதைத்தானே ராத்திரி முழுக்க
உன் ஜன்னல் கத்தியது என்றார்.

மாத்தே கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.
தண்ணீர் இன்னும் சூடாகவில்லை.