ஏவல் வினை

"இஜ்லிஸீ" என்றேன்.
வகுப்பு சிரித்தது.
மொஃபிஜுல் பாய் மட்டும் சிரிக்கவில்லை,
பாவம், தாடியைத் தடவிக்கொண்டு
உட்கார்ந்துவிட்டார்.
ஆணை உட்காரச் சொல்லும்போது
கடைசியில் அந்த ஈகாரம் வராதாம்.

எனக்கு எப்படித் தெரியும்?
சோஹார் ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு,
இருபத்தொன்பது வருஷம்.
என் அரபி முழுக்கப் பெண்பால்.
படு, மூச்சை இழு, விடு,
முக்காதே, இப்போது முக்கு,
அழாதே, சரி அழு,
கையை எடு, பிள்ளையைப் பிடி.
ரொட்டிக் கடைக்காரனிடமும்
டாக்ஸிக்காரனிடமும் இத்தனை காலம்
இப்படியேதான் பேசியிருக்கிறேன்.
ஒருவரும் திருத்தவில்லை.
வெள்ளைச் சீருடைக்கு
இலக்கணம் பார்க்க மாட்டார்கள் போல.

சீருடையை மடித்துக் கொடுத்தது மே மாதம்.
சிஸ்டர் பாக்கியம் என்று கேக்கில்
ஓர் எழுத்து விட்டு எழுதியிருந்தார்கள்.
மறு திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்து
கொண்டை போட்டு, ஊசி குத்தி,
லிஃப்ட் வரை வந்து
பட்டனை அமுக்கிய பிறகுதான் நினைவு வந்தது.

ஜூலையில் இந்த வகுப்பு.
மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி.
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு
ஒரு பெயிண்ட் வாளி.
துறைமுகத்துக் கொரியப் பையன்,
வரப்போகும் மாமியாரோடு பேச வேண்டுமென்று
ஒரு பிலிப்பைன்ஸ் பெண்,
ஓதுவதன் பொருள் தெரிய ஆசைப்பட்ட
தையற்கடை மொஃபிஜுல் பாய், நான்.
ஆசிரியை ரய்யாவுக்கு இருபத்தாறு வயது.
இந்த ஊர்ப் பிள்ளைதான்.
எந்தத் தேதியில் பிறந்தாள் என்று கேட்கவில்லை.
கேட்டால் டியூட்டிக் கணக்குப் பார்ப்பேன்.

"நேற்று என்ன செய்தீர்கள்? ஐந்து வரி."

பள்ளிக்கூடத்தில் மார்கரெட் டீச்சர்
இறந்தகாலம் என்று பலகையில் எழுதியபோது
அந்தச் சொல்லுக்குள் ஒரு சாவு இருப்பதை
நான் கவனித்ததில்லை.
அரபியில் அந்தக் காலத்தில் எனக்கு
ஒரே ஒரு வினைதான் தெரியும்.
அதையும் நான் சொன்னதில்லை.
டாக்டர் சொல்வார்.
நான் இரண்டடி பின்னால்
தண்ணீர்க் குவளையோடு நிற்பேன்.

போனேன், வந்தேன், சமைத்தேன், தூங்கினேன்.
நான்கு வரிதான் தேறியது.
ஐந்தாவதாகக் குடித்தேன் என்று எழுதி
என்னத்தை என்று எழுதாமல் விட்டேன்.
இருபதுக்குப் பதினொன்று.
கடைசி வரியருகே ரய்யா சிவப்பு மையில்
பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள்.

மகள் போனில்:
"அப்பாவுக்கு மார்ச்சோட வேலை முடியுது.
விசா முடிஞ்சு ஊருக்கு வர்ற நேரத்துல
எதுக்கும்மா அரபி?"
பால் பொங்குது என்று வைத்துவிட்டேன்.
பொங்கவில்லை.
அடுப்பே பற்றவைக்கவில்லை.

போன வியாழன் பிரஷர் மாத்திரைக்காக
ஆஸ்பத்திரி போனேன், டோக்கன் பிடித்து.
அறுபத்திரண்டாம் எண்ணுக்கு நேரம் இருந்தது.
கால் பழைய வார்டுப் பக்கம் போயிற்று.
கதவுக்கு மேலே அந்தப் பச்சைப் பலகை.
அவர்கள் வேத வசனம் என்று நினைத்து
என் பங்குக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லித்தான்
தினமும் அதன் கீழே நுழைவேன்.
எழுத்துக் கூட்டினேன்,
வலமிருந்து, உதட்டை அசைத்து.
ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்த பையன்
நான் ஜெபிப்பதாக எண்ணி ஒதுங்கினான்.

'தயவுசெய்து கதவைச் சாத்தவும்.'

செங்கல் முட்டுக்கொடுத்து
ராப்பகலாகத் திறந்தே போட்டிருந்த கதவு.
செங்கல் இப்போதும் இருந்தது, அதே செங்கல்.
செருப்பு நுனியால் நகர்த்தினேன்.

நாளைக்கு எதிர்காலம்.
ரொம்பச் சுலபம் என்றாள் ரய்யா,
வினைக்கு முன்னால் ஒரு 'ஸ' ஒட்டினால் போதுமாம்.
பாத்திரம் கழுவிக்கொண்டே
ஸ, ஸ, ஸ என்று சொல்லிப் பார்க்கிறேன்,
அழும் பிள்ளையை அமர்த்துவது போல.
வினை எதையும்
இன்னும் ஒட்டவில்லை.