அம்பு ஸ்டிக்கர்

சனிக்கிழமை சம்பளக் கவரோடு
ரெண்டு டிக்கெட் வந்தது.
"நீங்க தெச்ச துணி ஓடறதப்
போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்
மெர்ச்சண்டைசர் நல்லசிவம்.
லைனில் வேறு யாரும் கை நீட்டவில்லை.
நானும் ஒடிசாக்காரி ஜுனுவும் நீட்டினோம்.

அவினாசி ரோடு முழுக்கத் தூங்கிக்
காந்திபுரத்தில் இறங்கி வழி கேட்டால்
எல்லாரும் மேலே கை காட்டினார்கள்.
நகைக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே
கவிழ்த்த இட்லிக் குண்டா மாதிரி
வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
"ஏனுங்க, இதுக்குள்ளயா பந்தாடறாங்க?"
"ஆமாங் அம்மணி, பையத் தொறந்து காட்டுங்."
தண்ணி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
எட்டு வருசமாய்க் கைப்பையில் கிடக்கும்
நூல் வெட்டுற டிரிம்மரையும்.
செக்கிங் ஸ்டிக்கர் தாளை மட்டும்
புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள்.
"புள்ளைங்களுக்குங்களா?"

உள்ளே போனதும் அண்ணாந்தேன்.
தூண் இல்லை.
இத்தனை பெரிய வெளியில் ஒரு தூண் இல்லை.
மணி என்னவென்று சொல்லாத வெளிச்சம்.
ஜுனு அவள் பாஷையில் என்னவோ சொன்னாள்,
நான் கூரையை எண்ணிக்கொண்டிருந்தேன்:
இருபத்தி நாலு பேனல், உச்சியில் ஒரு பொத்தான்.
எங்கள் யூனிட்டில் தொப்பியை
ஆறு பேனலில் முடித்துவிடுவோம்.

ஆட்டம் புரியவில்லை.
ஃபுட்பால் என்று பேர்,
பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்தைக்
கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.
அஞ்சு நொடி முட்டல், அஞ்சு நிமிசம் பேச்சு.
பங்காளிச் சண்டைக்கு விசில் வைத்தது போல.

ஆனால் சட்டை புரிந்தது.
அந்த நீலம்
மூன்று தரம் சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போன நீலம்.
அந்தத் தோள்
மனுசனுக்கு இப்படியும் தோள் உண்டாவென்று
கட்டிங் மாஸ்டரோடு நான் மல்லுக்கு நின்ற தோள்.
உள்ளே கவசம் கட்டியிருக்கிறார்கள்,
இப்போதுதான் தெரிகிறது.
திங்கட்கிழமை மாஸ்டருக்கு ஒரு டீ வாங்கித் தரவேண்டும்.

ஐம்பத்தெட்டை மூன்று பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள்.
கழுத்தோரம் ஒரு முழம் நீண்டது.
எழுந்து நின்றுவிட்டேன்.
பிரியவில்லை.
தையல் பிரியவில்லை!
பந்து நழுவியதென்று காலேஜ் பையன்கள்
தலையில் கை வைத்திருந்தபோது
நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.
"அம்மணி எந்தக் கட்சிங்?" என்றார்
பின் வரிசைக்காரர்.

அப்புறம் இருபத்தி மூன்று விழுந்தான்.
எழுந்தபோது
அக்குளில் ஒரு சாண் திறந்து கிடந்தது.
"நம்ம லைன் இல்ல அக்கா" என்றாள் ஜுனு, உடனே.
நான் எதுவும் சொல்லவில்லை.
ஆடி மாசம், ஒன்றரை ஷிப்ட் முடிகிற நேரம்,
கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி
கட்டு ஒன்றைப் பிரிக்காமலே
பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன்.
அதில் என்னென்ன நம்பர் இருந்தது?
அந்தப் பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
ஓடினான்,
கிழிசல் வாயைத் திறந்து திறந்து மூடியது.

சொட்டு.
கழுத்தில்தான் விழுந்தது முதலில்.
ஏழாவது பேனலும் எட்டாவதும் சேருமிடம்.
வெளியே மழை பிடித்திருக்க வேண்டும்,
சத்தம் உள்ளே வரவில்லை.
பக்கத்தில் நாலு நாற்காலி காலி,
அடியில் நீல வாளி, கால்வாசி நிறைந்து.
யாருக்கோ ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.
தெரிந்துதான் பாஸ் ஆகியிருக்கிறது.

தாளிலிருந்து ஒன்று உரித்தேன்.
நகத்தளவு சிவப்பு அம்பு.
எட்டியது நாற்காலி முதுகுதான்.
முனை மேலே பார்க்க ஒட்டினேன்.
ஜுனு தன் பங்குக்கு
வாளியில் ஒன்று ஒட்டினாள்.

வாசலில் டிரிம்மரைத் திருப்பித் தந்தவர்
"என்னாச்சுங் மேச்சு?" என்றார்.
"ஒண்ணு போச்சுங்" என்றேன்.
எந்தப் பக்கம் என்று அவருக்கு விளங்கவில்லை.
மழையில் நனைந்துகொண்டு
பஸ்ஸுக்கு ஓடினோம்.