எழுவாய்

கச்சேரியின் இரண்டாம் மாடியில்
என் மேசைக்கு வந்தது நாற்பது பக்கம்.
ரியர் அட்மிரல் ஹபுதந்திரி ஓய்வு பெறுகிறார்,
மும்மொழியிலும் மலர் வேண்டுமாம்.
தமிழ்ப் பங்கு என்னுடையது,
பக்கத்துக்கு அறுநூறு ரூபா, வெள்ளிக்குள்.

படங்களைத்தான் முதலில் பார்த்தேன்.
உட்துறைமுக நீரில் கழுத்தளவு நிற்கிறான்
இருபத்திரண்டு வயது லெப்டினன்ட்,
கரி பூசிய முகத்தில் பல் மட்டும் வெள்ளை.
பிறகு பதக்கங்கள் கூடக் கூட
பல் தெரியாமற் போகிறது.

சொற்கள் இடைஞ்சல் தரவில்லை.
ஒன்பது மணிநேரம் கண்டல் வேருக்கிடையில்
இருமாமல் கிடக்கப் பழக்கினார் என்று எழுதினேன்.
இருமியவனை அவர் ஏசவில்லை.
தன் பங்குத் தேநீரை அவனுக்குக் கொடுத்து
அடுத்த இரவு கரையில் விட்டுப் போனார்;
ஏசியிருக்கலாம் என்று
ஒரு மாலுமி சொல்லியிருந்தான். அதையும் எழுதினேன்.
கடைசியாகச் சாப்பிடுவார்.
இறந்தவன் வீட்டுக்குத் தன் கையால் கடிதம் எழுதுவார்.
எந்த இரவிலும் முன்படகில் அவரே இருப்பார்.
இந்த வரி நான்கு இடத்தில் வந்தது.
நான்கு இடத்திலும் ஒரே மாதிரி எழுதினேன்.

பதினேழில் விரல் நின்றது.
'கொட்டியாரக் குடாவில்
அடையாளம் காணப்படாத படகொன்று
செயலிழக்கச் செய்யப்பட்டது.'

அந்தப் படகுக்கு அடையாளம் இருந்தது.
பதினைந்து குதிரைவலு எஞ்சின், இரவல்.
அணியத்தில் நீல மையில் 'குவாடலூப்பே அன்னை',
இடம் போதாமல் கடைசி எழுத்து
கீழே இறங்கியிருக்கும்.
செபமாலைமுத்துவும் மருமகன் றொபினும்
சூடைக்கு வலை ஏற்றிப் போனார்கள்.
இரவில் கடற்தடை என்று அவர்களுக்குத் தெரியும்.
வீட்டில் எத்தனை சுண்டு அரிசி என்பதும் தெரியும்.

வியாழன் மாலை தொலைபேசியில் அவரே வந்தார்.
தமிழ் பேசினார். மாலுமித் தமிழ்,
எல்லா வினையும் கட்டளையாக முடிகிற தமிழ்.
'பதினேழு முடிஞ்சதா, மிஸ்?'
'இல்லை, சேர்.'
'என்ன கஷ்டம்? சொல்லு.'
பயந்தேன். இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.
'வசனத்தில் எழுவாய் இல்லை, சேர்.
இல்லாமலும் தமிழில் எழுதலாம்.
முப்பது வருஷமாய் இந்தக் கச்சேரி முழுக்க
பட்டது, பட்டது, பட்டது என்றுதான்
எழுதிப் பழகினோம், நானும்தான்.
இந்த ஒன்றுக்கு எனக்கு ஆள் வேண்டும்.
யார்?'

அந்தப் பக்கம் கடல் கேட்டது.
மின்விசிறியாகவும் இருக்கலாம்.
'முன்படகு' என்றார்.
காத்திருந்தேன்.
காத்திருக்க அவரிடம்தான் படித்திருந்தேன்,
பதினாறு பக்கமாய்.
'நான்.'
பிறகு சிங்களத்துக்கு மாறினார்:
விடியப் பெயரை வாசித்தோம்,
எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது,
தெரிந்த பையனை வாசிக்கச் சொன்னேன்,
கீழே இறங்கிய எழுத்தையும்.
அந்த வீட்டுக்கும் கடிதம் எழுதினேன்.
விலாசம் இருக்கவில்லை.
'இருக்கிறது, சேர்' என்றேன்.
வைத்துவிட்டார்.

மலர் வந்தது, வழவழப்பான தாளில்.
மூன்று மொழியிலும் அந்தப் பந்தி இல்லை.
நீக்கப்பட்டிருந்தது.
யாரால் என்று கேட்டேன்.
மேலிடத்தால் என்றார்கள்.
முன்படகு வரி மட்டும் நான்கிலிருந்து மூன்றாகியிருந்தது.
அது அவர் வேலையா, அச்சுக்காரன் வேலையா,
எனக்குத் தெரியாது.

பஸ் நிலையத்தில் வாங்கில் வைத்துவிட்டுப்
பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடினேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அட்டைப்படத்தைத் தோளிலிருந்து மென்றது,
பதக்கம் வரைக்கும் வந்து
பிடிக்காமல் விட்டுப் போனது.

மனையாவெளியில் றொபினின் பெண் இன்னும் இருக்கிறாள்,
கருவாடு விற்கிறாள்.
தபால்காரன் அங்கே நிற்பது
மின்சாரப் பட்டியலுக்குத்தான்.

என் கணினியில் பதினேழாம் பக்கம் தனியாகக் கிடக்கிறது.
இரண்டு சொல்.
நான் சுட்டேன்.
கட்டணம் எழுதும்போது அதையும் ஒரு பக்கமாய்க் கணக்கெடுத்தேன்,
கொடுத்தார்கள்.