கட்டற்றது

பாம்பன் சின்னப்பாலம், பாசி எடுக்கும் பெண்கள் சங்கம்.
பேங்க் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்
முப்பது நாள் கணக்கெழுத விட்டது,
பிறகு காசு கேட்டது.

துடைத்துவிட்டு
மண்டபம் மொபைல் கடை ஜுமானாவின் பென்டிரைவிலிருந்து
லினக்ஸ் ஏற்றினேன்.
திரையெல்லாம் கருநீலம். எழுத ஒரு தாள் இல்லை.

ஆபீஸ் மென்பொருளுக்காக மொட்டைமாடி ஏறினேன்,
கீழே சிக்னல் கிடையாது.
முந்நூற்றுச் சொச்சம் எம்.பி.
கச்சான் அடித்த அடியில் பாதியில் நின்றது.
இலங்கைக்கு நல்வரவு என்றது போன்.

முத்துராக்கு சொன்னாள்:
"ஓசில வர்றதத்தான் நம்ம தலையில கட்டுவாக."
அவள் கண்ட இனாம் ஒன்றே ஒன்று,
கடல் கலங்கும் மாதத்தில் வியாபாரி நீட்டும் முன்பணம்.
வட்டி கிடையாது.
தராசு மட்டும் அவனுடையது.

உரிமப் பக்கத்தைச் சொன்னேன்:
எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று,
இன்னொருத்திக்குக் கொடு.
"அப்பறம்?"
அவ்வளவுதான்.
"கையெழுத்து?"
வேண்டாம்.
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே போய்விட்டாள்.

விடியலில் வந்து இறங்கியது.
பழைய கோப்பைத் திறந்தால்
எழுத்துரு இல்லாமல்
மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும்
அரைப்புள்ளி, அடைப்புக்குறி, பாதி ஆங்கிலம்,
நண்டு கிளறிய மணல்.
மூன்று ராத்திரி திரும்பத் தட்டினேன்.

கடைசிக் கட்டத்தில் கூட்டல் போட்டேன்.
நாங்கள் நிறுத்த எடைக்கும்
வியாபாரி சீட்டுக்கும்
நூற்றுப் பதினேழு கிலோ இடிக்கிறது.

முத்துராக்குவைக் கூப்பிட்டேன்.
உப்புக் கையால் திரையைத் தொடப்போய்
நிறுத்திக்கொண்டாள்.
வெகுநேரம் பேசவில்லை.

"இன்னொருத்திக்குக் குடுக்கலாம்னியே,
தோப்புக்காட்டுக்காரிகளுக்கும் குடு."