நிறம்: இல்லை

மூன்று கப்பல், மூன்று பொறியாளர், மூன்று கோப்பு.
நண்டுப் படகு டோன்யா எர்மீனியாவுக்கு அடித்தகடு.
போர்வெனிருக்குப் போய்வரும் ஃபெரிக்குச் சாய்பலகை.
சால்மன் சுமக்கும் கௌகெனுக்குத் தொட்டியும் குழாயும்.
ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் யோக்கியம்;
எதிலும் ஒரு நாள்கூட இன்னொன்றில் இடிக்கவில்லை.

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
விடிய மணி பத்தாகும்.
எட்டுக்கே விளக்கைப் போட்டு
மூன்றையும் ஒரே விரிதாளில் ஒட்டினேன்.
கூடுதலாக ஒரு பத்தி: எந்தக் கப்பல்.
மற்றதெல்லாம் பழையபடி,
வேலை, தொடக்கம், எத்தனை நாள், யார்.

தேதி என்று நாம் சொல்வது
கணினிக்கு வெறும் எண்.
ஜூன் பன்னிரண்டு என்றால் அதன் வாயில்
நாற்பத்தைந்தாயிரத்து நானூற்று ஐம்பத்தைந்து.
யாரோ என்றோ ஒன்று என்று தொடங்கியதை
இன்னும் விடாமல் எண்ணுகிறது,
எங்கள் கணக்காளர் ஸ்லாவ்கோ
பழைய பாக்கியை எண்ணுவதுபோல.

கான்ட் வரைபடத்தில் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு.
ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பட்டை.
முதலாவது, தொடங்கும்வரை கழியும் நாட்கள்.
இரண்டாவதுதான் வேலை.
முதல் பட்டையைத் தேர்ந்து
நிறம்: இல்லை
என்று கொடுக்க வேண்டும்.
அது போய்விடாது.
கண்ணுக்குப் படாமல் நின்று
வேலையை அதனதன் நாளில் தாங்கியிருக்கும்.
ஒருமுறை அவசரத்தில் அதை அழித்தே விட்டேன்.
அறுபத்திரண்டு வேலையும் சரிந்தோடி
இடப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டன,
காற்று நாளில் தெருவில் கட்டிய கயிற்றைத்
தவறவிட்டவர்கள் மாதிரி.

நண்டுக்குச் சிவப்பு, ஃபெரிக்கு நீலம், கௌகெனுக்கு மஞ்சள்.
'யார்' பத்தியை வடிகட்டிப் பார்த்தேன்.
வெல்டர் பார்ரியா:
பத்தாம் தேதி முதல் பதினான்கு வரை
சிவப்பிலும் இருந்தார், நீலத்திலும், மஞ்சளிலும்.
மூன்று கோப்பில் ஒரே ஆளாக இருந்தவர்
ஒரே தாளுக்கு வந்ததும் மூன்று ஆளானார்.

கொட்டகைக்குப் போனேன்.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"தனித்தனியாக வந்து முடியுமா என்றார்கள்.
முடியும் என்றேன்.
தனித்தனியாக அது பொய்யில்லையே."
தாளை வாங்கி விரலை ஓட்டினார்; நீலத்தில் கரி ஒட்டியது.
"இதில் என் கூரை எங்கே, யஸ்னா?"
எந்தக் கப்பலின் கூரை என்று கேட்டேன்.
அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.
"வீட்டுக் கூரை. மே மாதக் காற்று
இரண்டு தகரத்தைக் கொண்டுபோயிற்று.
சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தள்ளுகிறேன்.
சனிக்கிழமை எல்லாம் உங்களுடையது."

திரும்பி வந்து கௌகெனை மாதக் கடைசிக்குத் தள்ளினேன்.
அறுபத்து மூன்றாம் வரிசையில் நாலாவது திட்டம்:
பார்ரியா, கூரை, பதினேழு, இரண்டு நாள்.
பச்சை.
கூரை முடிந்த மறுநாள் ஃபெரி தொடங்கும் என்று
ஒரு சூத்திரமும் போட்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
மிமிசா பேனாவால் திரையைத் தொட்டார்.
"இந்தப் பச்சை எந்த வாடிக்கையாளர்?"
பில் போட முடியாதவர் என்றேன்.
"அப்படியானால் படத்தில் எதற்கு?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
பச்சையைத் தேர்ந்து
நிறம்: இல்லை
என்று கொடுத்தேன்.
"இப்போது சுத்தமாக இருக்கிறது" என்றார்.
ஃபெரியின் நீலம் பத்தொன்பதிலேயே நின்றது,
எதன்மேலும் சாயாததுபோல.

பதினேழாம் தேதி காற்று நூறைத் தாண்டியது.
ஏணியை வைக்கவே முடியவில்லை என்று
பார்ரியா சேதி அனுப்பினார்.
தெரியாத பட்டையை இரண்டு நாள் தள்ளிவைத்தேன்.
நீலமும் கூடவே நகர்ந்தது.
ஏன் என்று மிமிசா கேட்டதற்குக்
காற்று என்றேன்.
அது உண்மைதான்.