பெட்டி போடக் கூடாத துணி

ஜீவன் பீமா நகரில்
புங்கமரத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே
இருபத்திரண்டு வருஷமாய் நிற்கிறேன்.
உருப்படிக்கு எட்டு ரூபாய்.
புடவை என்றால் பேரம்.

இடது முழங்காலுக்குப் பின்னாலிருந்து
கணுக்கால் வரை இறங்கியிருந்தது அது,
பச்சையாய், முடிச்சு முடிச்சாய்,
பிழிந்து உதறாமல் விட்ட பாவாடை நாடா மாதிரி.
வலி என்று சொல்ல முடியாது. கனம்.
சாயங்காலமானால்
ஈரத்துணி மூட்டையைக் காலில் கட்டிவிட்ட கனம்.
ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.
சரோசா எழுந்து எண்ணெய் தேய்ப்பாள்,
திட்டிக்கொண்டே.

கணுக்கால் உள்பக்கம் கறுத்தபோது
கரித்தூள் என்று நினைத்தேன்.
சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.
சொறிந்த இடம் புண்ணாகி,
தசரா போனது, தீபாவளி போனது,
புண் மட்டும் போகவில்லை.

டாக்டர் தேஜஸ்வினி முதலில் என் சொல்லைத் திருத்தினார்:
"நரம்பு சுருட்டல் இல்ல, சம்பங்கி.
நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.
இது ரத்தம் ஓடுற குழாய்."
படுக்கச் சொல்வார் என்று பார்த்தால்
ஸ்கேனுக்கும் நிற்கத்தான் சொன்னார்.
கெண்டைக்காலை அமுக்கி விட்டார்.
திரையில் ஒரு நிறம் மேலே போனது.
கையை எடுத்ததும்
வேறு நிறத்தில் திரும்பி விழுந்தது.
உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம்,
மேல்நோக்கி மட்டும் திறப்பவை.
என் கதவுகள் கெட்டுவிட்டன.
ஏறின ரத்தம் இறங்கி வந்து
கணுக்காலில் குடியிருக்கிறது, வாடகை தராமல்.

"மெல்லிசா ஒரு ஒயரை உள்ளே விட்டு
சூட்டால ஒட்டி மூடிடுவோம்" என்றார்.

சூடு.
அதை என்னிடமா சொல்கிறார்!
"சுத்தி இருக்கிற சதை கருகாதா?" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"குழாயைச் சுத்தி மருந்துத் தண்ணி ஏத்துவோம்.
மரத்தும் போகும், சூடும் தாண்டாது."
பட்டுக்கு மேல் ஈரத்துணி விரிப்பது.
புரிந்துவிட்டது எனக்கு.

மூடிவிட்டால் ரத்தம் எங்கே போகும்?
சரோசா கேட்டாள், அழுதுவிடுவாள் போல.
"ஆழத்துல பெரிய குழாய் நல்லா இருக்கு,
அதைத்தான் முதல்ல பார்த்தேன்.
சில்க் போர்டு அடைச்சா
ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போகாமலா இருக்கார்?"

வலிக்கவே வலிக்காது என்று சொன்னவன் பொய்யன்.
தொடை நெடுக ஊசி.
ஏழுவரை ஊசியை எண்ணினேன்.
அப்புறம் முருகனை.
மத்தியானமே எழுப்பி விட்டார்கள்.
"நடீரி" என்றார். "நிந்த்கோபேடி."
நட, நிற்காதே.
இருபத்திரண்டு வருஷத்தில்
எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை.

இறுக்கமான காலுறை ஒன்று கொடுத்தார்கள்.
காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்ட வேண்டும்.
பாம்பு உரித்த சட்டையை
மறுபடி போட்டுக்கொள்கிற பாடு.
கையால் துவைத்து நிழலில் காயப்போடணும்,
பெட்டி போடவே கூடாதாம்.
என் வீட்டிலேயே அப்படி ஒரு துணி.

'அரை மணியில் அழகான கால்' என்கிறது
இந்திராநகரில் ஒரு பலகை.
என் கால் அழகாகவில்லை.
நீலம் பாய்ந்து மஞ்சளானது.
தொடைக்குள் கயிறு இழுப்பது போல மூன்று வாரம்.
பொங்கலுக்குள் புண் மூடியது.
"திரும்ப வராதே?"
"வேற ஒண்ணு வரலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."
அந்தப் பதிலுக்காகவே
அவரிடம் போகலாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது பத்துச் சட்டைக்கு ஒருமுறை
மரத்தைச் சுற்றி வருகிறேன்.
"வேண்டுதலா?" என்கிறார் செக்ரட்டரி குஷாலப்பா.
உயரமான ஸ்டூல் ஒன்றும் வாங்கியாயிற்று.
உட்கார்ந்தால் காலர் சரியாக விழுவதில்லை,
அது வேறு விஷயம்.

நேற்று கேட்டில் நிற்கும் ஒடியாப் பையன் நிரஞ்சன்
பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினான்.
வலது கால். பச்சை.
என் அரைகுறை இந்தியில் சொன்னேன்:
சொறியாதே. உடைந்து ரத்தம் பீய்ச்சினால்
படுத்துக் காலைத் தூக்கி
அழுத்திப் பிடித்துக்கொள், அப்புறம் டாக்டர்.
ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினேன்.
ஸ்டூலைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான்.
ஹார்ன் அடித்தது. ஓடினான்.

ஓடட்டும்.
நிற்பதற்கு அது தேவலை.